துரந்தால்: உடைய மறுத்த வாள் (வாசகர் கேள்வி-பதில்)

சென்ற இதழில் ஐரோப்பியக் கதைப்பாடல்களைப் பற்றி எழுதும்போது ரோலானின் வாளைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அந்த வாளையே பேசிவிடுவோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம் இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி (கல்லூரி மாணவர், கும்பகோணம்): நான் விளையாடும் வீடியோ கேமில் துரந்தால் என்ற வாள் வருகிறது. சார்லமேன் மன்னரின் மருமகன் ரோலானுடையது என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஓர் ஆளும் வாளும் உண்மையில் இருந்தார்களா?

பதில்: ரோலான் இருந்தார் தம்பி. வாள் கவிஞரின் கற்பனை.

778ஆம் ஆண்டு நடந்த கதை. இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்குகள் என்ற இனத்தாரின் அரசர் சார்லமேனுக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். பேரரசராக முடிசூட இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, பார்சலோனா பக்கத்து ஆளுநர் சுலைமான் அல் அரபி ஜெர்மனியின் பாடர்போர்ன் வரை நேரில் வந்து, கோர்தோபாவின் அமீர் அப்துர் ரஹ்மானுக்கு எதிராகத் துணை கேட்டிருந்தார். அதை நம்பி சார்லமேன் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குப் படையோடு போனார். சரகோசா நகரம் அவருக்குக் கதவு திறக்கவில்லை. நினைத்தது நடக்காமல் திரும்பும் வழியில், அந்த மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்களின் பாம்ப்லோனா நகர மதிலை இடித்துத் தள்ளினார். ஆகஸ்ட் 15ஆம் தேதி, குறுகலான மலைப்பாதையில் படை நீள வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, பாஸ்குகள் மேலிருந்து இறங்கி, சாமான்களோடு கடைசியில் வந்த பின்காவல் படையை ஒருவர் விடாமல் கொன்றார்கள். இருட்டியதும் ஆளுக்கொரு திசையாகக் கலைந்துவிட்டார்கள். பழிவாங்கத் துரத்துவதற்குக்கூட யாரும் அகப்படவில்லை.

அரசவையின் ஆண்டுக் குறிப்பு முதலில் இந்தத் தோல்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பின்னால் திருத்தி எழுதியபோதுதான் சேர்த்தார்கள். சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட், இறந்தவர்களில் மூன்று பெயர்களைத் தருகிறார். அரசரின் உணவுக்கூடத்துக்குப் பொறுப்பான எகிஹார்ட், அரண்மனைப் பிரபு அன்செல்ம், பிரெத்தோன் எல்லைப்பகுதியின் தலைவர் ஹ்ருவோத்லாண்ட். இந்த மூன்றாமவர்தான் ரோலான். சண்டை நடந்த தேதிகூட எகிஹார்டின் கல்லறைப் பாட்டில் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. ரோலான் அரசரின் உறவினர் என்றோ, அவர் கையில் பேர் பெற்ற வாள் இருந்தது என்றோ ஐன்ஹார்ட் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியிலிருந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1100ஐ ஒட்டி, ‘ரோலானின் பாடல்’ எழுந்தது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் படியில் 4002 அடிகள். அதில் சார்லமேன் இருநூறு வயது தாண்டிய வெண்தாடிக் கிழவர். பாஸ்குகள் காணாமல் போய், சரகோசாவின் முஸ்லிம் அரசருடைய நான்கு லட்சம் பேர் கொண்ட படை வருகிறது. ரோலான் சார்லமேனின் சகோதரி மகன் ஆகிறார். துரந்தாலும் இந்தப் பாடலில்தான் இருக்கிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, மதுரை): அந்த வாளில் அப்படி என்னதான் மந்திரம்? எரியுமா, பறக்குமா, பேசுமா?

பதில்: எரியாது, பறக்காது, பேசாது. ரோலான்தான் அதனோடு பேசுகிறார். நான் எத்தனையோ பழைய வீரக் கதைகளைப் படித்திருக்கிறேன். இந்த இடத்துக்கு நிகராக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் வாளின் பிறப்பைப் பார்ப்போம். ஆல்ப்ஸ் மலையடியில் மொரியேன் பள்ளத்தாக்கில் சார்லமேன் இருந்தபோது, கடவுள் தம் தூதர் மூலம் சொல்லியனுப்புகிறார்: இந்த வாளை உன் படைத்தலைவன் ஒருவனுக்குக் கொடு. அரசர் அதை ரோலானின் இடுப்பில் கட்டுகிறார். பொன் வேய்ந்த கைப்பிடிக்குள் புனிதப் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. புனித பேதுருவின் பல், புனித பசிலியாரின் இரத்தம், பாரீசின் காவலரான புனித தெனியின் தலைமுடி, மரியன்னையின் ஆடையில் ஒரு துண்டு. அந்தக் காலத்துக் கிறிஸ்தவருக்கு இது வெறும் அலங்காரம் இல்லை. இப்படிப்பட்ட பொருள்கள் இருக்கும் பேழையின் முன்தான் சத்தியம் செய்வார்கள், நோய் தீர வேண்டுவார்கள். அந்தப் பேழையை ஒரு வீரன் இடுப்பில் கட்டிக்கொண்டு போருக்குப் போகிறான். அதுதான் துரந்தாலின் சக்தி. ஆனால் அந்தச் சக்தி யாரையும் நல்லவனாக்கிவிடுவதில்லை. ரோலானைக் காட்டிக்கொடுக்கும் அவரது மாற்றாந்தந்தை கனலோனின் வாள் கைப்பிடியிலும் புனிதப் பொருள்கள் உண்டு. அவற்றின் மேல் கைவைத்துத்தான் அவன் துரோகத்துக்குச் சத்தியம் செய்கிறான். கவிஞர் இதை இரண்டு மூன்று அடிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் உடல் சிலிர்க்கும்.

இப்போது அந்தக் காட்சி. சண்டை முடிந்துவிட்டது. நண்பர் ஒலிவியே இறந்துவிட்டார், பேராயர் துர்ப்பேன் இறந்துவிட்டார். ரோலானுக்கும் கண் இருட்டுகிறது. பிணம்போலக் கிடந்த எதிரி ஒருவன் எழுந்து வந்து வாளை உருவப் பார்க்கிறான். கையிலிருந்த, போரில் ஊதும் தந்தக் கொம்பாலேயே அவன் தலையில் அடித்துக் கொல்கிறார் ரோலான். அதில் கொம்பின் வாய் விரிசல் கண்டு, பதித்திருந்த பொன்னும் படிகமும் உதிர்கின்றன. தான் செத்தபிறகு வாள் யார் கைக்குப் போகும் என்ற பயம் அப்போதுதான் அவருக்கு வருகிறது.

எழுந்து நின்று, கருத்த பாறை ஒன்றில் வாளைப் பத்து முறை ஓங்கி அடிக்கிறார். எஃகு கிறீச்சிடுகிறது, முறியவில்லை, நுனியில் ஒரு பல்கூட விழவில்லை. வேறு கல்லில் அடிக்கிறார். அப்போதும் முறியவில்லை. “எவ்வளவு அழகாக, எவ்வளவு வெண்மையாக இருக்கிறாய், வெயிலில் இப்படி மின்னுகிறாயே” என்று அதைப் பார்த்துப் புலம்புகிறார். அதைக் கொண்டு அரசருக்காக வென்ற நாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: ஆஞ்சூ, பிரெத்தாஞ், புவாத்து, நார்மண்டி, புரொவான்ஸ், லொம்பார்தி, பவேரியா, இன்னும் பல. மூன்றாவது முறை அடிக்கிறார். கல்தான் உடைகிறது, வாள் துள்ளி மேலே எழும்புகிறது. அப்போதுதான் கைப்பிடிக்குள் இருக்கும் புனிதப் பொருள்களின் பட்டியல் வருகிறது. கடைசியில் பைன் மரத்தடியில் புல்மேல் குப்புறப் படுத்து, வாளையும் கொம்பையும் உடம்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஸ்பெயின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி உயிரை விடுகிறார்.

கவனியுங்கள். வாளின் அற்புதம் என்று கவிஞர் விரிவாகக் காட்டும் இடம் இதுதான்: உடையாமல் இருப்பது. அந்த அற்புதம் சொந்தக்காரனுக்கு உதவவில்லை, வேதனைதான் தருகிறது. ரோலான் அழுவது உயிர் போகிறதே என்று அல்ல. பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட ஒன்றைத் திரும்ப ஒப்படைக்க ஆள் இல்லையே என்று. அதனால்தான் துரந்தாலை எதிரிகளை வெட்டித் தள்ளும் ஓர் ஆயுதமாக மட்டும் காட்டும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “ஆற்றில் தூக்கிப் போட்டிருக்கலாமே, மிஸ்?” நல்ல கேள்வி. பின்னால் இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் அதே எண்ணம் வந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பழைய நார்வே மொழியில் எழுதிய ‘கார்லமக்னுஸ் சாகா’வில், இறந்துகிடக்கும் ரோலானின் கையிலிருந்து வாளை யாராலும் எடுக்க முடிவதில்லை. சார்லமேன் வேண்டிக்கொண்ட பிறகே பிடி தளர்கிறது. புனிதப் பொருள்களுக்காகக் கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, வாளலகைத் தண்ணீரில் எறிந்துவிடுகிறார்.

கேள்வி (வாசகர், கள்ளக்குறிச்சி): ரோலானை எதிரிகள் கொல்லவே இல்லை என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: பாடலின்படி உங்கள் நண்பர் சொல்வது சரி. உதவிக்குக் கொம்பை ஊது என்று ஒலிவியே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தம் குலத்துக்கு இழுக்கு என்று ரோலான் மறுக்கிறார். எல்லாம் கைமீறிய பிறகு ஊதும்போது, ஊதிய வேகத்தில் நெற்றிப்பொட்டு வெடித்து இரத்தம் வருகிறது. அந்தக் காயத்தால்தான் இறக்கிறார். முதலிலேயே ஊதியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். இதில் நான் ஒலிவியே பக்கம்தான்.

கேள்வி (வாசகி, திருச்சி): பிரான்சில் பாறையில் குத்தியிருந்த துரந்தால் திருடு போய்விட்டதாக 2024இல் செய்தி வந்ததே, அது எந்த வாள்?

பதில்: தென்மேற்குப் பிரான்சில் ரொக்கமடூர் என்ற ஊர். செங்குத்தான பாறையை ஒட்டி அடுக்கடுக்காகக் கோயில்கள் கட்டியிருக்கிறார்கள். கறுப்பு மாதாவைத் தரிசிக்க இடைக்காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் வரும் இடம். கோயிலுக்கு மேலே, ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்தில், பாறை இடுக்கில் ஒரு துருப்பிடித்த வாள் சங்கிலியோடு மாட்டியிருந்தது. சாகும் தறுவாயில் ரோலான் அதிதூதர் மிக்கேலை வேண்டி வாளை வீச, அது பாடலின் சண்டை நடக்கும் ரோன்ஸ்வோ கணவாயிலிருந்து பறந்து வந்து இங்கே செருகிக்கொண்டது என்பது ஊர்க்கதை. 2024 ஜூன் மாதம் அது காணாமல் போனது.

அது எட்டாம் நூற்றாண்டு வாள் அல்ல. கதைக்காகப் பின்னாளில் வைத்த வாள். 2011இல் பாரீசின் க்ளூனி அருங்காட்சியகம் வாள்களைப் பற்றி நடத்திய கண்காட்சிக்கு அதை இரவல் வாங்கிக் காட்டியிருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது தங்கள் ஊரின் அடையாளம். அவர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பழமையானது இல்லை என்பதால் இழப்பு சின்னதாகிவிடாது.

மலையேறுபவர்கள் இன்னோர் இடத்தையும் காட்டுவார்கள். பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில், கவார்னிக்கு மேலே, 2804 மீட்டர் உயரத்தில், பாறைச் சுவரில் 40 மீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய திறப்பு. பெயரே ‘ரோலானின் பிளவு’. வாளை உடைக்க அவர் ஓங்கி அடித்த அடியில் மலை பிளந்ததாம். பாடலில் இந்த இடம் இல்லை; அந்தக் காட்சியைக் கேட்ட மக்கள் தங்கள் மலையில் அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி (லேத் பட்டறை உரிமையாளர், கோவை): இரும்போடு தினம் மல்லுக்கட்டுகிறவன் நான். கல்லில் அடித்தும் பல் விழாத வாள் அந்தக் காலத்தில் சாத்தியமா?

பதில்: இல்லை ஐயா, எந்தக் காலத்திலும் இல்லை. உங்களுக்கே தெரியும், கல்லில் அடித்தால் அலகின் விளிம்பு போய்விடும். ஆனால் நல்ல பிராங்கிய வாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இருபுறமும் கூரான நேர் வாள். அலகு முக்கால் மீட்டர் நீளம் இருக்கும், எடை ஒரு கிலோவை ஒட்டி. ஒரே தரத்தில் பெரிய எஃகுக் கட்டி கிடைக்காத காலம் அது. இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியுமாகச் சேர்த்து, முறுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கினார்கள். மெருகேற்றினால் அலகின் நடுவில் பாம்புச் சட்டைபோல வரிவரியாகத் தெரியும். வெட்டும் விளிம்புக்குக் கடினமான எஃகைத் தனியாக ஒட்டவைப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் நல்ல எஃகு கூடுதலாகக் கிடைக்கத் தொடங்கியதும் முறுக்கு வேலை குறைந்தது. அலகில் ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயரை இரும்பெழுத்தில் பதித்த வாள்கள் வந்தன. வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 170 கிடைத்திருக்கின்றன. பல தலைமுறைக்கு ஒரே பெயர் வருவதால் அதை ஒரு பட்டறை முத்திரையாகத்தான் கொள்ள வேண்டும். எழுத்துப்பிழையோடு போலிகளும் உண்டு.

விலை? பிராங்குகளில் ஒரு பிரிவினரான ரிப்புவாரியர்களின் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. உறையோடு வாள் 7 சொலிதுஸ் (அந்தக் காலத்து நாணயக் கணக்கு), உறை இல்லாமல் 3. தலைக்கவசம் 6, இரும்புச் சட்டை 12. கொம்புள்ள நல்ல மாடு 2. அலகைவிட உறைக்கு விலை கூடுதல்! மரப்பலகை, தோல், உள்ளே வாள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பசையுள்ள ஆட்டு ரோமம் என்று உறையில் அவ்வளவு வேலை. வெளியாட்களுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று சார்லமேன் 805இல் ஆணை போட்டார். அவருடைய பேரன் ‘வழுக்கை’ சார்ல்ஸ் 864இல், வடநாட்டு வைக்கிங்குகளுக்கு விற்றால் மரண தண்டனை என்றார். பிராங்கிய வாளுக்கு அவ்வளவு கிராக்கி.

வாளைச் சோதித்த கதை ஒன்றும் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். நோட்கர் என்ற துறவி 880களில் எழுதியது. வடநாட்டு அரசர்கள் பணிவுக்கு அடையாளமாக அனுப்பிய வாள்களை, சார்லமேனின் இன்னொரு பேரன் ஜெர்மானிய லூயி கையில் எடுத்து வளைத்துப் பார்க்கிறார். ஒன்று முறிந்து விழுகிறது. தூதர்களில் ஒருவர் தம் வாளை உருவித் தருகிறார். அதன் நுனி கைப்பிடியைத் தொடும்வரை கொடிபோல வளைத்து, மெல்ல விடுகிறார், வாள் நேராகிவிடுகிறது. கதையில் மிகை இருக்கலாம். ஆனால் வளைந்து நிமிர்வதுதான் நல்ல வாளுக்கு அடையாளம் என்பது அந்தக் காலத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்லில் அடித்துப் பார்ப்பதைக் கவிஞர் தம் காட்சிக்காகச் சேர்த்தார்.

கேள்வி (வாசகர், மேலப்பாளையம்): அந்தப் பாடலில் முஸ்லிம்கள் சிலைகளை வணங்குவதாக வருகிறதாமே. இதை எப்படிப் பாராட்டுகிறீர்கள்?

பதில்: நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். அந்தப் பகுதியை நான் பாராட்டவில்லை. நபிகளையும், அப்போலின், தெர்வகான் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்து மூன்று தெய்வங்களாக அவர்கள் கும்பிடுவதாகப் பாடல் சொல்கிறது. இது அப்பட்டமான பொய். இஸ்லாத்தில் சிலைக்கே இடமில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஸ்பெயினில் முஸ்லிம் அரசுகளோடு பேசி, வாணிபம் செய்து வாழ்ந்தவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஏன் இப்படி எழுதினார்கள்? 1095இல் போப் இரண்டாம் உர்பன் கிளேர்மோனில் முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். ஸ்பெயினிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் உருவான பாடலுக்கு முழுக்க முழுக்கத் தவறான ஓர் எதிரி தேவைப்பட்டான். உண்மையில் சார்லமேன் போனதே ஒரு முஸ்லிம் ஆளுநரின் கூட்டாளியாக. அவர் படையை அழித்தவர்கள், தங்கள் நகர மதில் இடிபட்ட கோபத்தில் இருந்த பாஸ்க் மலைமக்கள். வகுப்பில் இந்த வரலாற்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடலைத் திறப்பேன். ஆசிரியர்கள் எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரோலான் பாறையில் வாளை அடிக்கும் அடிகள் எவ்வளவு உயர்ந்தவையோ, அந்த மூன்று தெய்வ அடிகள் அவ்வளவு கெட்டவை. ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி (வாசகி, சேலம்): பாரீசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருப்பது சார்லமேனின் நிஜ வாளா?

பதில்: ‘ஜுவாயேஸ்’ என்று அவர் வாளின் பெயரிலேயே காட்டுகிறார்கள். அது பிரெஞ்சு அரசர்களின் முடிசூட்டு வாள். 1825இல் பத்தாம் சார்ல்ஸின் முடிசூட்டில் கடைசியாகப் பயன்பட்டது. கைப்பிடிப் பகுதிகள் பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலத்தவை. சார்லமேன் இறந்தது 814இல். பாரீஸ் போனால் கட்டாயம் பாருங்கள், பொன்வேலை அற்புதம். பாடலில் வரும் ஜுவாயேஸ் ஒரு நாளில் முப்பது முறை நிறம் மாறும்.

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): ரோலான் இறந்தபிறகு பாடலில் துரந்தால் என்ன ஆகிறது?

பதில்: சார்லமேன் திரும்பி வந்து சடலத்தைக் கண்டு தாடியைப் பிய்த்துக்கொண்டு அழுகிறார். பிறகு அடுத்த போருக்குக் கிளம்பும்போது ரபெல், கினெமான் என்ற இருவரை அழைத்து, ரோலான், ஒலிவியே இடத்தில் இனி நீங்கள், ஒருவர் வாளையும் மற்றவர் கொம்பையும் ஏந்துங்கள் என்கிறார். அதோடு வாளைப் பற்றிய பேச்சே இல்லை. கொம்பு மட்டும் போர்தோ நகரில் புனித செவ்ரேன் கோயில் பீடத்துக்குப் போகிறது, பொற்காசு நிரப்பி. உடல்கள் பிளாய் ஊரில் அடக்கமாகின்றன. அத்தனை பாடுபட்ட வாளுக்கு ஒரு முடிவு சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்றும் குறைதான். பிற்காலத்தவர்கள் சும்மா இருப்பார்களா? இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ தம் 1516ஆம் ஆண்டுக் காவியத்தில் அதற்கு முன்கதையே வைத்திருக்கிறார்: டிராய் நகரத்து ஹெக்டரின் வாளாம் அது.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): கேரளத்தில் ‘காறல்மான் சரிதம்’ என்று ஒரு நாடகம் பார்த்தேன். சார்லமேன் கதைதான் என்கிறார்கள். பாதிக்குமேல் தமிழாகக் கேட்டது. எப்படி?

பதில்: நீங்கள் கேட்டது தமிழேதான். அது சவிட்டு நாடகம். போர்த்துகீசியர் வந்தபிறகு கொச்சி, கொடுங்கல்லூர் கடற்கரை லத்தீன் கத்தோலிக்கர்களிடையே வளர்ந்த கலை. மரப்பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடுவார்கள். பழைய நாடகங்களின் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. காறல்மான் நாடகத்தை எழுதியவர் என்று மரபு சொல்வது சின்னத்தம்பி அண்ணாவியை. இந்த ஆசிரியர்களை ‘அண்ணாவி’ என்றே அழைப்பார்கள். நம் கூத்து மரபின் சொல். முன்பெல்லாம் பல இரவுகள் தொடர்ந்து ஆடுவார்களாம். இன்று சில மணி நேரத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். ரோலானும் ஒலிவியேயும் அங்கே பளபளக்கும் சட்டையும் தலைக்கவசமுமாக, தமிழில் பாடிக்கொண்டு வாள் வீசுகிறார்கள். கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் கோதுருத்து இந்தக் கலைக்குப் பேர்போன ஊர், இன்னும் ஆடுகிறார்கள். குடும்பத்தில் யாராவது பழைய சவிட்டு நாடகச் சுவடியோ நோட்டுப் புத்தகமோ வைத்திருந்தால், ரோலான் சாகும் இடத்தை மட்டும் படியெடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலேயே போடுகிறேன்.